நடுப்புள்ளியில் உட்கார்ந்தவர்

கன்னையாவுக்கு மால்களில் ஒரு பெயர் உண்டு: சென்டர் அங்கிள். பாதுகாவலர்கள் வைத்த பெயர் அது. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, காலை ஆறரை மணிக்கு, ஒரு கடையும் திறக்காத நேரத்தில், பளபளவென்று கிடக்கும் பளிங்குத் தரையின் நட்டநடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பேனா நீளத்தில் முனை மழுங்கிய ஓர் இரும்புக் குச்சியை இரண்டு கையாலும் ஊன்றிப் பிடித்துக்கொண்டிருக்கிற ஒல்லி மனிதரைப் பார்த்தால் வேறு என்ன பெயர்தான் வைப்பார்கள்?

அந்தக் குச்சியில் ஒரு கயிறு மாட்டியிருக்கும். கயிற்றின் மறுமுனையில் சாக்பீஸோடு அவர் மனைவி புஷ்பவல்லி சுற்றி வருவாள். வட்டம் அவள் கையில் விழும், கோலம் அவள் கையில் மலரும், "வாவ் ஆன்டி, சோ பியூட்டிஃபுல்" எல்லாம் அவளுக்குத்தான். இவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். சும்மா உட்கார்ந்து பார்க்கட்டும், அப்புறம் தெரியும்!

வீட்டு வாசல் சிமெண்டாக இருந்தால் ஓர் ஆணியை அடித்துக் கயிற்றைக் கட்டிவிடலாம். மால்காரனுடைய பளிங்கில் ஆணியை அடித்தால் அவன் நம்மை அடிப்பான். பசை ஒட்டக்கூடாது, கறை படக்கூடாது, கீறல் விழக்கூடாது. அதனால் நடுப்புள்ளிக்கு ஓர் ஆள் வேண்டும். ஆள் என்றால் சும்மா ஆள் இல்லை, மூக்கின் மேல் கொசு உட்கார்ந்தாலும் அசையாத ஆள். கன்னையா அப்படிப்பட்டவர். பதினாறு தீபாவளிகளாக மால்களில் அவர்தான் நடு.

மால் கோலம் என்பது வீட்டுக் கோலம் மாதிரி இல்லை. பதினான்கு அடி அகலம். சாயம் போட்ட அரிசி ஒரு தூண் உயரத்துக்கு அடுக்கலாம் போல மூட்டை மூட்டையாக இறங்கும். புஷ்பவல்லியின் கோலத்தில் எப்போதும் ஆறு பெரிய இதழ்கள். ஆறும் ஒரே அளவாக வரவேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் அறுபது பாகை சரியாக விழவேண்டும். அரிசி நிரப்ப வரும் பக்கத்து வீட்டு மலர் முதல் வருடமே கேட்டாள், "ஏன்க்கா, ஸ்கூல் புள்ளைங்க பெட்டியில கோணமானி இருக்குமே, அத வச்சு அறுபதுக்குக் கோடு போட்டா முடிஞ்சிச்சு லா?" முடியாது. கோணமானி உள்ளங்கை அகலம். அதில் ஒரு மயிரிழை பிசகினால் ஏழடி தள்ளிப் போகும்போது ஒரு விரல் பிசகியிருக்கும். ஆறு இதழுக்கு ஆறு பிசகு.

கன்னையாவின் வழி வேறு. வட்டம் போட்ட அதே கயிறு, அதே நீளம். வட்டத்தின் மேல் ஓர் இடத்தில் குச்சியை ஊன்றுவார். அங்கிருந்து கயிறு எட்டுகிற இடத்தில் புஷ்பவல்லி வட்டத்தை வெட்டி ஒரு குறி போடுவாள். அந்தக் குறியில் ஊன்றி அடுத்த குறி. இப்படி ஆறு எட்டு வைத்தால் ஆறாவது குறி புறப்பட்ட இடத்திலேயே வந்து விழும். விழுந்தே ஆகவேண்டும், வட்டத்தின் நியதி அது. இரண்டு குறிகளுக்கு நடுவே பாதியாக வெட்டினால் முப்பது பாகை, அதையும் பாதியாக்கினால் பதினைந்து. கோணமானியும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். ஆறாவது குறி புறப்பட்ட இடத்தின் மேல் விழும்போது கன்னையா, "மூடிடுச்சு" என்பார். அவ்வளவுதான் சொல்வார், ஆனால் முகத்தைப் பார்க்கவேண்டும், பெண்ணைக் கட்டிக்கொடுத்த அப்பன் மாதிரி இருக்கும்.

இந்த வித்தை கோலத்தில் கற்றதில்லை, தகரத்தில் கற்றது. கேரி தீவில் செம்பனைத் தோட்டத்தில் எண்ணெய்க்குக் குலை வெட்டியவரின் மகன் அவர். பதினேழு வயதில் கிள்ளான் நகரத்துக்கு வந்து ஏர்கண்டிஷன் குழாய் செய்கிற பட்டறையில் சேர்ந்தார். சதுரக் குழாயை வட்டக் குழாயோடு சேர்க்கிற துண்டுகளைத் தகரத்தில் விரித்து வரைந்து வெட்டவேண்டும். கோணம் பிசகினால் மூட்டு சேராது, காற்று ஒழுகும், முதலாளி வாயில் வந்ததெல்லாம் சொல்வான். இரும்புக் கவராயமும் மூலைமட்டமுமாக முப்பத்தோரு வருடம் அங்கேயே கழிந்தது. பட்டறையை மூடிய பிறகு வேறு எங்கும் அவர் வேலைக்குப் போகவில்லை.

கல்யாணமான புதிதில் ஒரு கோயில் திருவிழாவுக்குப் புஷ்பவல்லி போட்ட கோலத்தை ஊரே நின்று பார்த்தது. இவரும் நின்று பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னது இது: "அழகாத்தான் இருக்கு. ஆனா சாஞ்சிருக்கு." மூன்று நாள் அவள் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள் அவளே ஒரு கயிற்றைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள். அன்றிலிருந்து அவர் நடுவில், அவள் ஓரத்தில்.

நடுவில் இருப்பவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஓரத்தில் சுற்றுகிறவள் எவ்வளவு இழுக்கிறாள் என்று அவள் கைக்குத் தெரியாது. குச்சியைப் பிடித்திருப்பவருக்குத்தான் தெரியும். "இழுக்காத புள்ள, விடு... ம், இப்ப சரி" என்று கன்னையா சொல்லிக்கொண்டே இருப்பார். புஷ்பவல்லிக்கு எரிச்சலாக வரும். "நான் என்ன மாட்டையா இழுக்கிறேன்?" என்பாள். ஆனாலும் தளர்த்துவாள்.

இரண்டு தீபாவளிகளுக்கு முன்னால் ஒரு காலை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு புதுக் கட்டடத்தின் கீழ்த்தளம். ஆறாவது குறி புறப்பட்ட இடத்தின் மேல் விழவில்லை. அரை விரல் தள்ளி விழுந்தது.

புஷ்பவல்லி குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். குச்சியின் மேல் இருந்த அவருடைய வலது கட்டைவிரல் தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. தைக்கிற மெஷினின் ஊசி மாதிரி, நிற்காமல், சின்னச் சின்னதாக. அவள் பார்ப்பதைப் பார்த்ததும் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

பொய் சொல்லத் தெரியாதவள் புஷ்பவல்லி. சந்தையில் இரண்டு வெள்ளிக்குப் பேரம் பேசும்போதுகூட மூக்கு சிவந்துவிடும். ஆனால் அந்த நேரத்தில் அவள் வாயில் எப்படித்தான் அது வந்ததோ.

"கயிறுதாங்க. பழைய கயிறு, இழுவுது."

"இதுவா? மெழுகு போட்ட பருத்திக் கயிறு. இத்தன வருசமா இழுவல."

"இப்ப இழுவுது."

கன்னையா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இருக்கும்" என்றார். அந்த அரை விரலை அரிசி மூடிவிட்டது. யாருக்கும் தெரியவில்லை.

பொய் சொல்லியாயிற்று, அதற்கேற்ப நடந்தும் காட்டவேண்டுமே. அன்று சாயங்காலம் கிள்ளானில் ரயிலை விட்டு இறங்கியதும், அவர் பார்க்கும்படியாகவே அந்தப் பருத்திக் கயிற்றைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். ஹார்டுவேர் கடைக்குப் போய்ப் புதுசாக நைலான் கயிறு ஒரு சுருள் வாங்கினாள். வெள்ளை வெளேர் என்று, வழவழவென்று, யானையைக் கட்டலாம் போல இருந்தது. நல்ல கயிறு என்று நினைத்தாள், பாவம். கயிற்றைப் பற்றி அவள் எங்கே யோசித்தாள்? அவள் மனம் முழுக்க அந்தக் கட்டைவிரல்தான் இருந்தது.

மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போக ஐந்து மாதம் ஆனது. நரம்பு வியாதி, ஆரம்ப நிலை, நடுக்கம் மெதுவாகக் கூடும், மாத்திரை தவறாமல் சாப்பிடவேண்டும் என்றார் மருத்துவர். கன்னையா தலையாட்டிக்கொண்டு கேட்டார். வெளியே வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தீபாவளி எந்த மாசம் வருது?"

அவர் எதற்குக் கேட்கிறார் என்று புஷ்பவல்லிக்குப் புரிந்தது. அந்த நடுதான் அவருக்கு மிச்சமிருந்த வேலை. மற்ற பதினொரு மாதமும் பேப்பர் படிப்பார், குழாயில் வாஷர் மாற்றுவார், பத்துமலைக்கு ஒரு நடை போய் வருவார். ஆனால் அந்த ஒரு மாதத்தில் மட்டும் காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று, "என்ன இன்னும் கெளம்பலியா? நடு இல்லாம நீ என்னத்த சுத்துவ?" என்று அவளை விரட்டுவார். அதை எடுத்துவிட்டால் அந்த மனிதரிடம் என்ன இருக்கும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. என்ன ஆனாலும் சரி, இவரை நடுவிலிருந்து எழுப்பக்கூடாது என்று முடிவு செய்தாள்.

போன தீபாவளிக்கு, பங்சார் பக்கத்து மாலில், ஆறாவது குறி நான்கு விரல் தாண்டி விழுந்தது.

நான்கு விரல்! மறுபடி போட்டார்கள். மறுபடியும் நான்கு விரல். கன்னையாவின் நெற்றி வியர்த்துவிட்டது, ஏர்கண்டிஷன் குளிரில்.

"கயிறுதாங்க," என்றாள் புஷ்பவல்லி.

"கயிறு புதுசாச்சே?"

"புதுசுதான், மட்டமான சரக்கு லா. எல்லாம் அப்படித்தான் வருது இப்ப."

அவர் தன் கையைப் பார்த்தார். புஷ்பவல்லி கடைசி இதழை மட்டும் கொஞ்சம் ஒல்லியாக்கி, பக்கத்து இதழின் ஓரத்தைக் கொழுக்க வைத்து, நடுவில் ஒரு மயிலைச் செருகி எப்படியோ சமாளித்தாள். வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். நோய் அவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்று நினைத்து அழுதாள்.

இந்த வருடம் புரட்டாசியில் அந்த மாலின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் ஷார்மைன் கூப்பிட்டு அனுப்பினாள். நல்ல பெண். செந்தூலில் மெதடிஸ்ட் குடும்பம், தாத்தா ரயில்வேயில் இருந்தவர். போனில் ஒரு படத்தைக் காட்டினாள். போன வருடக் கோலத்தை நாலாவது மாடியிலிருந்து எடுத்த படம்.

"ஆன்டி, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த எதழப் பாருங்க. மத்ததவிட சின்னதா இருக்குல்ல? கீழ நின்னா தெரியல. மேலேர்ந்து பாத்தா கோணலா இருக்கு. எங்க பாஸ் கண்டுபிடிச்சிட்டாரு."

புஷ்பவல்லி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். கோணலாகத்தான் இருந்தது. ஆறு பேர் நிற்கிற வரிசையில் ஒருவன் மட்டும் குறுகி நிற்பதைப் போல.

"இந்த வருசம் மேல கேமரா வைக்கிறாங்க ஆன்டி, கோலம் போடுறத முழுசா பெரிய ஸ்க்ரீன்ல காட்டப் போறாங்க. அதான் அக்யுரேட்டா வேணும்." ஷார்மைன் குரலைத் தாழ்த்தினாள். "அங்கிளோட கைய நான் பாத்தேன் ஆன்டி. எங்க தாத்தாவுக்கும் அப்படித்தான் இருந்துச்சு. அங்கிளுக்கு முடியலன்னா எங்க மெயின்டனன்ஸ் ஆள் ஒருத்தர உக்கார வைக்கிறேன். சொல்லுங்க."

"வேற ஆளு அங்க உக்காரக் கூடாதும்மா," என்றாள் புஷ்பவல்லி. சொன்ன வேகத்தில் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது.

வேறு ஆள் கூடாது. சரி. இவரும் கூடாது என்றால்? எல்லார் முன்னாலும், பெரிய திரையில், ஆறாவது குறி நான்கு விரல் தாண்டி விழுந்து, அவர் கை துடிக்கிறதையும் ஊரே பார்த்து... அதைவிட ஆளே இல்லாமல் போடுவது மேல் என்று நினைத்தாள். பிரிக்ஃபீல்ட்ஸில் சாமான் கடை ஒன்றில், குளியலறைக் கண்ணாடியில் ஒட்டி வைக்கிற ரப்பர் குமிழ் ஒன்றை வாங்கினாள். தரையில் வைத்து அழுத்தினால் காற்றைப் பிடித்துக்கொண்டு ஒட்டிக்கொள்ளும், எடுத்தால் தடம் இருக்காது. நடுவில் ஒரு சின்ன முளை, கயிற்றின் வளையத்தை மாட்ட வசதி. அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஒரு வாரம் சுமந்தாள். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஏழு நாளும் போனது.

அந்தக் காலை வந்தது. கன்னையா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். பாதுகாவலர் ஒருவர், "சென்டர் அங்கிள், அப்பா கபார்?" என்று மலாயில் நலம் கேட்டார். இவரும் கையை உயர்த்தினார், இடது கையை. பிறகு நேராகப் போய்த் தரையின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குச்சியை ஊன்றிக்கொண்டு, கயிற்றுக்காகக் கையை நீட்டினார்.

புஷ்பவல்லி கயிற்றைக் கொடுக்கவில்லை. கைப்பையைத் திறந்து ரப்பர் குமிழை எடுத்தாள். மலர் அரிசி மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தவள், வேண்டுமென்றே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்னது இது?" என்றார்.

"ஒட்டிக்குமாங்க. ஆடாதாம். நீங்க சும்மா செரமப்பட வேணாமேன்னு..."

கன்னையா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல பொருளைப் பார்த்தால் மதிக்கத் தெரிந்த தொழிலாளி அவர். தரையில் வைத்து அழுத்தினார், இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. "நல்லாத்தான் இருக்கு," என்றார். பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்தே அவளை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"அப்ப நான் எங்க உக்காரணும்?"

கோபமாகக் கேட்டிருந்தால் அவள் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பாள். அவர் உண்மையாகவே இடம் தெரியாமல் கேட்டார். புஷ்பவல்லி சுற்றுமுற்றும் பார்த்தாள். தூணோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதைக் காட்ட அவள் கை எழவில்லை, கண் மட்டும் போனது. அவரும் அந்தப் பக்கம் பார்த்தார்.

"வேணாம் புள்ள. நான் வீட்டுக்குப் போறேன். காலையிலேர்ந்து முட்டி வலி." முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "கயிறு இல்ல, கைதான்னு எனக்குத் தெரியும். நீ சொல்லட்டும்னு இருந்தேன்." குச்சியை அவளிடம் கொடுத்துவிட்டு, ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் நடந்தார்.

போகட்டும், வீட்டில் போய்ச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மேலே கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது. கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓட முடியுமா? கயிற்றைக் குமிழில் மாட்டி வட்டம் போட்டாள். வட்டம் பிசிறில்லாமல் வந்தது. குமிழை எடுத்து வட்டத்தின் மேல் ஒட்டினாள். முதல் எட்டு, இரண்டாவது எட்டு. "இழுக்காத, விடு" என்று சொல்ல யாரும் இல்லை. நாலு. ஐந்து. ஆறு.

ஆறாவது குறி ஐந்து விரல் தாண்டி விழுந்தது.

தன் கண்ணையே அவள் நம்பவில்லை. எங்கோ கை வழுக்கியிருக்கும் என்று குறிகளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் ஐந்து விரல். குமிழ் ஒரு நூல்கூட நகரவில்லை. மலர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணன் இல்லாமலுமா இப்படி வருது?"

அந்த ஒரு கேள்வி போதும். புஷ்பவல்லி அளவுநாடாவை எடுத்தாள். கயிற்றைத் தளர்வாகத் தரையில் கிடத்தி அளந்தாள், ஏழடி. மலரை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, தான் எப்போதும் இழுக்கிற மாதிரி இழுத்து அளந்தாள். ஏழடியும் முக்கால் அங்குலமும். விட்டாள், சுருங்கி ஏழடிக்கு வந்தது. இழுத்தாள், நீண்டது. வட்டம் சுற்றும்போது மெதுவாக நடப்பதால் அவள் அதிகம் இழுப்பதில்லை. எட்டு வைக்கும்போது வெடுக்கென்று இழுக்கிறாள். எட்டு ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் நீண்டு, ஆறு எட்டில் ஐந்து விரலாகிவிட்டது. அவர் குச்சியைப் பிடித்திருந்தபோது "விடு, விடு" என்று சொல்லிச் சொல்லி அதை நான்கில் நிறுத்தி வைத்திருந்திருக்கிறார்.

நைலான். அவள் வாங்கிய நைலான். அவர் மனம் நோகக்கூடாது என்று ஒரு பொய் சொல்லி, அந்தப் பொய்யை நிஜமாக்கிக் காட்டுவதற்காகப் போய் வாங்கிய கயிறு. அவர் கை செய்த பிசகு பிரிக்ஃபீல்ட்ஸில் விழுந்த அந்த அரை விரல், அதோடு சரி. அரிசி மூடிவிடுகிற அரை விரல்! மிச்சமெல்லாம் இவள் செய்தது. அதற்கு அந்த மனிதரை நடுவிலிருந்து எழுப்பி அனுப்பியிருக்கிறாள்.

போன் செய்தாள். எடுக்கவில்லை. மறுபடி செய்தாள். ரயிலில் அவர் போனை எடுக்கவே மாட்டார், அது பழக்கம். மலர் ஓடிப்போய் மாலுக்கு வெளியே திறந்திருந்த ஒரு கடையில் பருத்திக் கயிறு வாங்கி வந்தாள். அதில் மெழுகைத் தேய்த்துக் குமிழில் மாட்டி, வட்டத்திலிருந்தே மறுபடி போட்டபோது, ஆறாவது குறி புறப்பட்ட இடத்தின் மேல் அச்சடித்த மாதிரி விழுந்தது. "மூடிடுச்சு" என்று சொல்ல மலருக்கும் வாய் வரவில்லை. அன்று முழுவதும் புஷ்பவல்லி இதழ் இதழாக அரிசியைத் தூவினாள். மேலிருந்து பார்த்த ஷார்மைன், "பெர்ஃபெக்ட் ஆன்டி!" என்று கத்தினாள். புஷ்பவல்லி தலையைத் தூக்கவில்லை.

கிள்ளானில் வீட்டுக்கு வந்து சேரும்போது ஐந்தரை மணி. கன்னையா ஹாலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டையை மடித்து நாற்காலி முதுகில் போட்டிருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கயிறுதாங்க."

அவர் சிரித்தார். "இன்னைக்குமா?"

"நெசமாங்க. நெசமா கயிறுதான். நீங்க போனப்புறமும் அஞ்சு விரல் தாண்டிச்சு. டேப்ப வச்சு அளந்தேன். மலரக் கேளுங்க."

"மலரும் நல்லவதான்."

"ஐயோ, சொல்றது காதுல விழலியா? கை இல்லங்க, கயிறு! நான் வாங்கின நைலான். இங்க பாருங்க." கயிற்றை ஜன்னல் கம்பியில் மாட்டி இழுத்துக் காட்டினாள். "பாத்தீங்களா, நீளுது."

"நீ இழுத்தா எதுதான் நீளாது?" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். அதில் துளிகூடக் கோபமில்லை. அதுதான் அவளைக் கொன்றது.

டேப்பை எடுத்து அதன் நுனியை அவர் விரல்களுக்குள் திணித்தாள். "பிடிங்க. நீங்களே பிடிச்சு நீங்களே படிங்க." கயிற்றின் வளையத்தையும் அவர் கையிலேயே கொடுத்து, மறுமுனைக்குப் போய் மெதுவாக இழுத்தாள். அவர் குனிந்து பார்த்தார். வலது கை அடித்துக்கொண்டது. கயிறும் டேப்பும் சேர்ந்து ஆடின. எண்கள் ஏழடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் துள்ளின. எது கயிற்றின் நீளம், எது கையின் நடுக்கம் என்று அந்த ஆண்டவனே வந்தாலும் பிரித்துச் சொல்லமுடியாது.

இடது கையால் வலது கையை அமுக்கிப் பிடித்தார். நிற்கவில்லை. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"விடு புள்ள," என்றார் கன்னையா. "ரெண்டு வருசமா நீ இதத்தான் சொல்ற. எனக்காகச் சொன்ன. எனக்குத் தெரியாதா? போதும்."

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது, இன்றைக்குச் சொல்வது பொய் இல்லை என்று கத்தவேண்டும் போலிருந்தது புஷ்பவல்லிக்கு. ஆனால் என்ன சொல்லிக் கத்துவாள்? அந்தப் பொய்யும் இதே வார்த்தைதான், இந்த உண்மையும் இதே வார்த்தைதான். அவர் காலடியில் உட்கார்ந்து அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு அழுதாள். கை அவள் கைக்குள் துடித்துக்கொண்டே இருந்தது. கன்னையா மற்றக் கையால் நைலான் கயிற்றை எட்டி எடுத்து, விரலில் சுற்றிச் சுற்றி ஒழுங்காகச் சுருட்டி, அவள் பைக்குள் வைத்தார்.

"அடுத்த வருசமும் அந்த ரப்பரயே வச்சுக்க," என்றார். "அது ஆடாது."